பேக்கமன்: ஆடிக்கொண்டே இருந்தால் போதுமா?

பேக்கமன் என்பது இரண்டு பகடை உருட்டி, தன் காய்களை எதிராளிக்கு முன்பே பலகையை விட்டு வெளியேற்றும் ஆட்டம். அதில் தப்பாக ஆடியும் ஜெயிக்கலாம், சரியாக ஆடியும் தோற்கலாம். இது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட ஆட்டத்தை எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டால், "ஆட ஆட வந்துவிடும்" என்பார்கள். பாதிதான் வரும்.

ஒரு சாதாரண நிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு காயைத் தனியாக, அதாவது துணைக்கு இன்னொரு காய் இல்லாமல் வெட்டுப்படும்படி, விட்டே ஆக வேண்டும். எதிராளியின் காயிலிருந்து ஆறு கட்டம் தள்ளி விடலாம், இல்லையென்றால் பன்னிரண்டு கட்டம் தள்ளி விடலாம். நடுவில் அடைப்பு எதுவும் இல்லை. ஆறு தள்ளி நிற்கும் காயை வெட்ட, மொத்தமுள்ள 36 உருட்டல்களில் 17 உதவும். பன்னிரண்டு தள்ளி நின்றால் 6-6, 4-4, 3-3 என்று மூன்றே மூன்று. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் ஆறு தள்ளியே விட்டீர்கள் என்று வையுங்கள். 36-க்கு 19 முறை ஒன்றுமே ஆகாது. காய் தப்பிக்கும், அடுத்த உருட்டலில் அதன் மேல் இன்னொரு காயை வைத்து மூடிவிடுவீர்கள், ஆட்டம் அதன் போக்கில் போகும். சதுரங்கத்தில் ராணியைச் சும்மா விட்டால் அடுத்த நகர்விலேயே அது பறிபோகும். இங்கே பாதிக்கு மேல் மன்னிப்புதான் கிடைக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். மன்னிக்கப்பட்ட தப்பும் அதே மாதிரி கைப்பழக்கம் ஆகிவிடுகிறது.

வருடக்கணக்காக ஆடியும் அதே இடத்தில் நிற்பவர்களை ஆன்லைனில் நிறையப் பார்க்கலாம். வேகமாக ஆடுவார்கள், கை தயங்காது. அதே இடத்தில் அதே தப்பான நகர்வைத் தயங்காமல் செய்வார்கள். பகடை அவர்களுக்கு எதையும் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் பகடைக்குச் சொல்லத் தெரியாது.

சரி, அப்படியானால் உட்கார்ந்து படித்தால் போதுமா? இதற்கு மனிதர்களை விடக் கணினியின் கதையில் நல்ல பதில் இருக்கிறது.

ஐபிஎம் ஆய்வகத்தில் ஜெரால்ட் டெசாரோ என்ற ஆய்வாளர் முதலில் நியூரோகேமன் என்ற நிரலை எழுதினார். நல்ல ஆட்டக்காரர் எந்த நிலையில் எந்த நகர்வைத் தேர்ந்தெடுப்பார் என்ற எடுத்துக்காட்டுகளைக் காட்டியே அதைப் பழக்கினார். முழுக்க முழுக்கப் படிப்பு. 1989-ல் லண்டனில் நடந்த கணினி ஒலிம்பியாடில் அது மற்ற நிரல்களை ஜெயித்தது, ஆனால் உச்சத்தில் இருந்த மனிதர்களை எட்டவில்லை. அடுத்து டிடி-கேமன். இதற்கு யாருடைய நகர்வையும் காட்டவில்லை. தன்னோடு தானே ஆடி, ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார் என்பதிலிருந்து பின்னோக்கிக் கற்றது. பலகையில் காய்கள் எங்கே நிற்கின்றன என்பதை மட்டும் கொடுத்துப் பழக்கியபோதே அது கிட்டத்தட்ட நியூரோகேமன் அளவுக்கு வந்துவிட்டது. அப்புறம் நியூரோகேமனுக்காகச் செய்துவைத்த நுணுக்கங்களையும், அதாவது ஆட்டம் தெரிந்தவர்கள் ஒரு நிலையில் எதையெல்லாம் கவனிப்பார்களோ அவற்றையும், சேர்த்துக் கொடுத்தார். அங்கிருந்துதான் பெரிய தாவல். 1990-களின் தொடக்கத்திலேயே உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்கள் அதோடு உட்கார்ந்து ஆட வேண்டிய நிலை வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் "தானே ஆடிக் கற்றது" என்ற பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீதிப் பாதியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, மனிதர்கள் சேர்த்த அறிவும் சுய ஆட்டமும் கலந்தபோதுதான் அது பாய்ந்தது. இன்னொன்று, எண்ணிக்கை. முதல் பதிப்பு மூன்று லட்சம் ஆட்டம் ஆடியது, பின்னால் வந்த பதிப்பு பதினைந்து லட்சம். பகடையின் இரைச்சலுக்குள்ளிருந்து உண்மையைப் பிரித்தெடுக்க அவ்வளவு ஆட்டம் தேவைப்பட்டது. நமக்கு ஒரு ஆயுளில் அதில் ஒரு சிறு துண்டுகூடக் கிடைக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் படிப்பு.

இதே இயந்திரம்தான் மனிதர்களின் தொடக்க ஆட்டத்தையும் திருத்தியது. கட்டங்களை, காய்கள் வெளியேறும் முனையிலிருந்து 1 முதல் 24 வரை எண்ணுவார்கள். முதல் உருட்டலில் 4-1 வந்தால் 13-லிருந்து ஒரு காயை 9-க்குக் கொண்டுவந்து, 6-லிருந்து ஒன்றை 5-ஆம் கட்டத்தில் தனியாக வைப்பது பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கமாக இருந்தது. 5-ஆம் கட்டம் தங்கமான இடம், துணிந்து வைத்தால் அடுத்த முறை மூடிக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆனால் அங்கே தனியாக நிற்கும் காயை வெட்ட எதிராளிக்கு 36-ல் 15 உருட்டல்கள் இருக்கின்றன. டிடி-கேமன் அந்த 1-ஐ எடுத்துப் பின்னால் நிற்கும் காயை 24-லிருந்து 23-க்கு நகர்த்தியது. சோதித்துப் பார்த்தவர்கள் இயந்திரம் சொல்வதே சரி என்று ஒப்புக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் பழைய வழக்கம் போட்டிகளிலிருந்து மறைந்தது. ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு நாளும் ஆடியும் கண்டுபிடிக்காத விஷயம் அது.

இனி நம் வேலைக்கு வருவோம்.

இப்போது யாரும் ஆட்டத்தைக் கையால் அலச வேண்டியதில்லை. அதற்கு மென்பொருள் இருக்கிறது. க்னூ பேக்கமன் இலவசம். எக்ஸ்ட்ரீம் கேமனுக்குக் காசு கொடுக்க வேண்டும், போட்டி ஆடுபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆடிய ஆட்டத்தின் கோப்பை உள்ளே போட்டால் ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு இழந்தீர்கள் என்று காட்டும். கடைசியில் பிஆர் என்று ஒரு எண் வரும். ஒரு முடிவுக்குச் சராசரியாக எவ்வளவு இழந்தீர்கள் என்பதை 500-ஆல் பெருக்கினால் கிடைப்பது அது. குறையக் குறைய நல்லது. தொடர்ந்து 5-க்குக் கீழே ஆடுபவர் உலகத் தரத்து ஆட்டக்காரர். ஜெயித்தோமா தோற்றோமா என்பதோடு இந்த எண்ணுக்குச் சம்பந்தமே இல்லை. பகடையைக் கழித்துவிட்டு நம்மை மட்டும் அளக்கிறது.

பலர் இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோ சங்கடப்பட்டோ கோப்பை மூடிவிடுகிறார்கள். அதை நான் படிப்பு என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு விடைத்தாளைத் திறக்காமல் வைப்பதைப் போன்றது அது. எண்ணுக்குக் கீழேதான் விஷயம் இருக்கிறது. பெரிய தப்புகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று ஒரு வார்த்தை எழுதி வைக்கிறேன்: வெட்டியிருக்க வேண்டும், பின் காய்களை நகர்த்தத் தாமதம், டபுளை (பந்தயத்தை இரட்டிப்பாக்க எதிராளி கேட்பதை) வீணாக மறுத்தது, ஓட்டத்தில் பிப் (காய்கள் வெளியேற இன்னும் கடக்க வேண்டிய கட்டங்கள்) எண்ணாமல் முடிவு எடுத்தது. ஒரு ஆட்டத்தின் பட்டியலில் ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் சேர்ந்ததும் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரும். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த வார்த்தை சொல்லிவிடும். பேக்கமன் புத்தகம் எதையும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

விடையைப் பார்க்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மென்பொருள் முதல் வரியிலேயே சரியான நகர்வைக் காட்டிவிடும். கண்ணில் பட்ட மறுகணமே "ஆமாம், அதுதானே" என்று மனசு ஒத்துக்கொள்ளும். அந்த ஒத்துக்கொள்ளலுக்கு மதிப்பே இல்லை. அதனால் விடையை மறைத்து, நிலையை மட்டும் பலகையில் அடுக்கி, என் நகர்வையும் அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதிய பிறகுதான் திறப்பேன். நகர்வு சரி, காரணம் தப்பு என்றால் அதையும் தப்பாகவே கணக்கில் வைக்கிறேன். அப்புறம் ஒரே ஒரு காயை ஒரு கட்டம் நகர்த்திவைத்து மறுபடி கேட்பேன். எந்த இடத்தில் விடை மாறுகிறது என்று தெரிந்தால் அந்த நிலை புரிந்துவிட்டது. மாறவே இல்லை என்றால் நான் காரணமாக நினைத்தது காரணமே இல்லை.

படிப்பு எதைத் தரும், ஆட்டம் எதைத் தராது என்பதற்கு எனக்குப் பிடித்த சின்ன உதாரணம் ஒன்று. கடைசியில் உங்களுக்கு இரண்டு காய்கள் மிச்சம், ஒன்று 6-ல், ஒன்று 4-ல். பகடையில் 2-1 விழுகிறது. எதிராளியிடமும் இரண்டு காய்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்த 2-1-ஐ ஆடிய பிறகு அவர் முறை. அவர் முடிக்காமல் தவறினால்தான் உங்களுக்கு வாய்ப்பு, அதுவும் ஒரே ஒரு உருட்டல், அதில் இரண்டு காயும் வெளியேற வேண்டும். அவர் தவறினார், உங்கள் முறை வந்தது. எந்த நிலையில் இருக்க விரும்புவீர்கள்?

6-ஐ 3-க்குக் கொண்டுவந்தால் 4-லும் 3-லும் நிற்கும். 4-ஐ 1-க்குக் கொண்டுவந்தால் 6-லும் 1-லும். இரண்டையும் நகர்த்தினால் 5-லும் 2-லும். மூன்றிலும் மிச்சம் ஏழு பிப்தான். பெரும்பாலோர் கை 4-3-க்குப் போகும், சமமாக இருக்கிறதே என்று. எண்ணிப் பாருங்கள்: 6-1-ல் நின்றால் 36-ல் 15 உருட்டல்கள் இரண்டையும் வெளியேற்றும். 4-3-ல் 17. 5-2-ல் 19. ஆட்டத்தில் இந்த நிலை எப்போதாவதுதான் வரும். வந்தாலும், 4-3-ஐத் தேர்ந்தெடுத்தவர் 17 முறை முடித்துவிடுவார், தான் எதையும் தவறவிட்டதாகவே அவருக்குத் தோன்றாது. ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் கை இதைக் கற்றுக்கொள்ளாது. ஒரு தாளில் எண்ணினால் சில நிமிடத்தில் முடிந்துபோகிற விஷயம், அதற்குப் பிறகு மறக்காது.

டபுளிங் கியூபும், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்கக் கேட்க நகர்த்தும் கட்டையும், இதே ரகம், இன்னும் பெரிய அளவில். ஒரு ஆட்டத்தில் காய் நகர்த்தும் முடிவுகள் நிறைய வரும். கியூப் முடிவுகளில் யோசிக்க வேண்டியவை ஒன்றோ இரண்டோதான். ஆனால் அந்த ஒன்றில் பந்தயமே இரட்டிப்பாகிறது. ஆடியே கற்க வேண்டும் என்றால் காலம் போதாது. எதிராளி டபுள் கொடுக்கிறார், இரட்டிப்புப் பந்தயத்தை ஏற்பதா, மறுத்து இருக்கும் பந்தயத்தை அப்போதே தோற்பதா? ஒரே மாதிரி நிலை நாலு முறை வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலு முறையும் மறுத்தால் 4 புள்ளி போச்சு. நாலையும் ஏற்று ஒன்றில் மட்டும் ஜெயித்தால், மூன்று தோல்விக்கு 6 போகும், ஒரு வெற்றிக்கு 2 வரும், நிகரம் மறுபடி 4 நஷ்டம். ஆகவே 25 சதவீத வாய்ப்பு இருந்தால் இரண்டும் ஒன்றே. கியூப் நம் கைக்கு வந்துவிடுவதால் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் சேரும், உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஏற்கலாம். கேமன் ஆபத்து, அதாவது ஒரு காயைக்கூட வெளியேற்றாமல் தோற்று இரட்டிப்பாகக் கொடுக்கும் ஆபத்து, இருந்தால் கணக்கு மறுபக்கம் சாயும்.

இப்போது இதை ஆட்டக்காரரின் மனசோடு சேர்த்துப் பாருங்கள். சரியாக ஏற்கப்படும் டபுள்களிலும் பெரும்பாலானவற்றில் ஏற்றவர் தோற்பார். கணக்கே அப்படித்தான். நாலு தடவை ஏற்று மூன்றில் இரட்டிப்பாகத் தோற்றவருக்கு நினைவில் நிற்பது அந்த மூன்றும்தான். ஐந்தாவது முறை கை தானாக மறுத்துவிடும். அனுபவம் அவரைச் சரியாகத் தப்பான பக்கம் தள்ளிவிட்டது. பேக்கமன் ஆட்டக்காரரும் எழுத்தாளருமான கிட் ஊல்சி சொன்ன விதி இதற்கு நல்ல மருந்து: எதிராளி ஏற்பது சரியா மறுப்பது சரியா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையென்றால், டபுள் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கே தெரியாதது அவருக்கும் தெரியாமல் போகலாம் அல்லவா.

இவ்வளவும் படிப்புக்குச் சாதகமாகச் சொன்னேன். ஏட்டுச் சுரைக்காயின் பக்கமும் உண்டு. புதிர்களாக நிறையப் படிப்பவர்களிடம் ஒரு குணம் வளரும். புதிர் என்று ஒரு நிலையைக் கொடுத்த உடனேயே "இதில் ஏதோ இருக்கிறது, கண்ணில் படும் நகர்வு தப்பாகத்தான் இருக்கும்" என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் அப்படி யாரும் மணி அடிப்பதில்லை. இருபது சாதாரண நகர்வுகளுக்கு நடுவே ஒரு முக்கியமான நகர்வு, அதே முகத்தோடு வந்து நிற்கும். அதை அடையாளம் கண்டு நிற்பதுதான் திறமையில் பெரும்பங்கு, அது ஆடினால் மட்டுமே வரும். புதிர்களில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் பலகைக்கு வந்ததும் சாதாரண நகர்வை விட்டு அலங்கார நகர்வைத் தேடுவதையும் பார்க்கலாம். அதனால் நான் சேர்க்கும் நிலைகளில் வேண்டுமென்றே சப்பென்ற நிலைகளையும் கலந்து வைக்கிறேன், கண்ணில் படுவதே சரியான விடையாக இருக்கும் நிலைகள்.

பிப் எண்ணுவதும் அப்படியே. ஓட்டப் பந்தயமாகிவிட்ட ஆட்டத்தில் எனக்கு 100 பிப் மிச்சம் என்றால், எதிராளிக்கு 108 இருக்கும்போது டபுள் கொடுக்கலாம், கியூப் ஏற்கெனவே என்னிடம் இருந்தால் 109-ல் திருப்பிக் கொடுக்கலாம், அவர் 112 வரை ஏற்கலாம். 8, 9, 12 என்று மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் கடிகாரம் ஓடும்போது, எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு பக்கத்தையும் தப்பில்லாமல் எண்ண வேண்டும். ஒரு நகர்வுக்குப் பன்னிரண்டு விநாடி சலுகை தரும் போட்டிக் கடிகாரத்தில், எண்ணத் தடுமாறுபவருக்கு அந்த விதியால் பயனில்லை. விதியை நாற்காலியில் படிக்கலாம், வேகத்தை ஆடித்தான் சம்பாதிக்க வேண்டும்.

பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். நேரத்தை அப்படிப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிதாக வந்தவர் நிறைய ஆடட்டும். பலகையில் காய்கள் எந்தப் பக்கம் போகும் என்பதே கையில் பதியாதவருக்குப் பகுப்பாய்வு வெறும் எண்கள். பதினைந்து தொடக்க உருட்டல்களையும் எப்படி ஆடுவது என்று தெரிந்தால் அவருக்குப் போதும். அந்தத் தொடக்கங்களுக்கு எதிரே ஆடும் பதில் நகர்வுகளை எல்லாம் மனப்பாடம் செய்வது அந்தக் கட்டத்தில் வீண் வேலை, பல இடங்களில் முதல் இரண்டு தேர்வுகளுக்கும் இடையே வித்தியாசம் மிகச் சிறியது. பெரிய இழப்புகள் நடு ஆட்டத்திலும் கியூபிலும்தான் இருக்கின்றன. ஓரளவு ஆட வந்து, முன்னேற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும்போது தட்டைப் படிப்பின் பக்கம் நன்றாகச் சாய்க்கலாம். போட்டிக்கு முந்தைய நாட்களில் புதிதாக எதையும் படிக்காமல் ஆடுவதே நல்லது, அரைகுறையாகப் புரிந்த விஷயம் பலகையில் குழப்பும்.

எந்த நிலையில் இருந்தாலும் நான் விடாத ஒரு ஏற்பாடு உண்டு. அலச நேரமில்லாத அளவுக்கு ஆடுவதில்லை. ஏழு புள்ளிக்கு ஒரு மேட்ச் ஆடினால் அதைத் திறந்து பார்த்த பிறகே அடுத்தது. ஆடும்போது சந்தேகம் வந்த இடத்தில் ஒரு குறி போட்டுவைப்பேன், மென்பொருள் காட்டும் தப்புகளைவிட அந்தக் குறிகள் எனக்கு முக்கியம். சந்தேகப்பட்டுச் சரியாக ஆடியதும் தெரிய வேண்டும், சந்தேகமே இல்லாமல் தப்பாக ஆடியதும் தெரிய வேண்டும். இரண்டாவது வகைதான் ஆபத்து. தோற்ற கோபத்தில் "இன்னும் ஒன்று" என்று தொடங்கும் ஆட்டம் இந்தக் கணக்கில் எதிலும் சேராது. அது ஆட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

ஆட்டத்துக்கும் படிப்புக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கண்டுகொள்வதில்லை: இன்னொருவரோடு உட்கார்ந்து ஒரு நிலையைப் பற்றி வாதாடுவது. நண்பர் ஒருவரும் நானும் கியூப் நிலைகளை இப்படித்தான் பார்க்கிறோம். அவர் "மறுத்துடலாம்" என்பார், நான் "ஏன், என் பின் காய் இன்னும் உயிரோடதானே இருக்கு" என்பேன். அவர் கேமன்களை எண்ணச் சொல்வார். எண்ணுவோம். ஆட்டத்தின் அவசரமும் இல்லை, விடை பார்த்துத் தலையாட்டும் சோம்பலும் இல்லை. மென்பொருளைத் திறக்கும் முன் இருவரும் ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம், கேமன் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதி வைத்துவிடுவோம். டபுளை ஏற்பதா மறுப்பதா என்பதில் யார் சரி என்று பார்ப்பது அப்புறம்தான். முதலில் பார்ப்பது, யார் எழுதிய எண் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதை.